ரேடியேட்டரில் ஒரு கை

அந்தப் பழைய டீசல் பிக்கப்பில் மேடேறும்போது சூடு காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தொடும். அடுத்த வளைவிலேயே ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிவிடும். மீட்டரை நம்பாத முதலாளி ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, டிரைவர் சவரிமுத்துவிடம் உள்ளங்கையை ரேடியேட்டரில் வைக்கச் சொல்வார். மூன்று வருடத்தில் அந்தக் கை மரத்துப்போய்விட்டது. சொன்னால் வேறு ஆள் வைத்துக்கொள்வார் என்று சவரிமுத்து அதைச் சொன்னதில்லை.

இன்றும் முள் சிவப்பைத் தொட்டது. சவரிமுத்து இறங்கிக் கையை வைத்தான்.

“சூடே இல்ல மொதலாளி.”

“நல்லா அமுக்கி வச்சுப் பாருடா.”

அமுக்கி வைத்தான். “சத்தியமா இல்ல.”

தோல் வேகும் வாடை முதலாளியின் மூக்கில் ஏறியது.

“அப்ப மீட்டர்தான் கோளாறு. மூடியத் தெறந்து தண்ணி ஊத்து,” என்றவர், கொதிநீர் தன் வேட்டியில் தெறிக்காத தூரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டார்.