வண்டல் தின்ற ஆடு

கண்ணாடிப் பாட்டிலில் இருந்த ஈர மண்ணைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

சே, இந்த நாக்கை அறுத்துப் போட்டால்தான் என்ன? அந்த மண்ணில் விஷம் இருக்கிறது என்றுதான் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

பேர் சங்கீதா, சுகாதாரத் துறையாம். நாமக்கல்லில் இருந்து ஜீப்பில் மலையேறி வந்திருந்தாள். ரேஷன் கடை வாசலில் ஊரையே உட்கார வைத்து, எங்கள் ஓடையில் அள்ளிய வண்டலைத் தூக்கிக் காட்டினாள்.

ஓடைக்கு மேலே எவனோ ஷெட் போட்டு, பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கினான் அல்லவா, அந்த ஈயம் மழையில் இறங்கி அடியில் படிந்துவிட்டதாம். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்குமாம். வண்டலில் இருந்து புழுவுக்கு, புழுவில் இருந்து மீனுக்கு, மீனில் இருந்து தின்னும் ஆளுக்கு ஏறுமாம்.

"பெரியவங்களை விட வயித்துல இருக்கற குழந்தைக்குத்தான் ஆபத்து," என்றாள்.

நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கித் தங்கிய உயிர்!

மசக்கை வந்ததிலிருந்து எனக்குச் சோறு பிடிக்கவில்லை. மரவள்ளி வேகிற வாசனை வந்தாலே குமட்டும். ஆனால் துணி துவைக்கப் போனால், பாறை இடுக்கில் கையை விட்டு ஒரு பிடி வண்டலை அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். நாக்கில் அது கரையும்போது, அடடா, அதற்கு ஈடே கிடையாது.

யாருக்கும் தெரியாது. இன்று காலையிலும் தின்றேன்.

முன்வரிசையில் இருந்த வெள்ளையன் மாமா எழுந்தார். "அம்மிணி, அது சாமி மீனுங்க. நாங்க பொரி போடுவோம், தொடக்கூட மாட்டோம்."

கூட்டத்துக்கே மூச்சு வந்தது. சங்கீதாவின் முகமும் தெளிந்தது.

"அப்ப பாதி பயம் போச்சு. மண்ணை அள்ளியா திங்கப் போறீங்க?"

ஊரே சிரித்தது. என் புருஷன் ஜீவா தொடையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன், பாவி. பக்கத்தில் இருந்த அத்தையின், ஜீவாவைப் பெற்றவளின், பக்கம் திரும்ப மட்டும் எனக்குத் துணிச்சல் இல்லை.

சங்கீதா பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான்.

இப்போது விட்டால் யாரைப் போய்க் கேட்பது? கேட்டால் மண்ணு தின்னி என்று பேர் வைப்பார்கள். தங்கின பிள்ளையைத் தானே கெடுத்தவள் என்று அத்தை காலத்துக்கும் கரித்துக் கொட்டுவாள்.

உள்ளே குழந்தை ஓர் உதை விட்டது.

மானமாவது மண்ணாங்கட்டியாவது! எழுந்துவிட்டேன். வாய்தான் கடைசி நேரத்தில் பயந்துவிட்டது.

"ஏனுங்க, எங்க ஆடு ஒண்ணு அந்த மண்ணைத் தின்னுடுச்சுங்க. சினை ஆடு."

ஜீவா வாயைப் பிளந்தான். "நம்மகிட்ட ஆடு ஏது, கீர்த்தனா?"

அதற்குள் அத்தை எழுந்து நின்றாள்.

"நீ சும்மா இருடா. இருக்குதுங்க அம்மிணி. தெனமும் திங்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சட்டென்று அத்தையின் பக்கம் திரும்பினேன்.

சங்கீதா என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டாள். "ரத்தம் எடுத்துப் பாக்கணும். இப்பவே ஏறுங்க."

யாராவது கேலி பேசுவார்கள் என்று நினைத்தேன். சற்று முன் சிரித்த பொம்பளைகள் எழுந்து எனக்கு வழிவிட்டார்கள்.

அத்தை என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப் ஊரைத் தாண்டியது. இப்போது திட்டுவாள், இப்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில்தான் கவனித்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஜீவா வயித்துல இருக்கறப்ப நானும் அங்கதான் அள்ளித் தின்னேன் கண்ணு. அப்ப அது நல்ல மண்ணு. அதான் உன்னையும் தடுக்காம விட்டுட்டேன்."