நாவலில் மட்டும் ஒரு புருஷன்

"மெஷினை நிறுத்துங்க!" என்று அச்சகத்துக்குப் போனில் கத்திய கையோடு, புரூஃப் பார்ப்பவர் நாவலாசிரியையின் வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தார்.

"அம்மா, அந்த ஓவியரோட வாழ்க்கையை வச்சு நீங்க எழுதின நாவல்ல, பதினாறாம் அத்தியாயத்துல அவங்க வலது கையைப் புருஷன் கதவிடுக்குல வச்சு நசுக்குறான். இப்பத்தான் அவங்க கடிதங்களைப் படிச்சேன். அந்தம்மாவுக்குக் கல்யாணமே ஆகலை! எழுபது வயசு வரைக்கும் அதே கையாலதான் வரைஞ்சிருக்காங்க. இவன் எங்கேருந்து முளைச்சான்?"

சால்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் வாய் திறக்குமுன் அவள் கணவர் முந்திக்கொண்டார்.

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். இவ சொல்லச் சொல்ல டைப் பண்ணினது நான்தானே? யாரும் நம்ப மாட்டாங்க. அந்த அத்தியாயத்தையே தூக்கிடுங்க."

"ஒரு வரிகூட எடுக்கக் கூடாது" என்றாள் அவள்.

புரூஃப் பார்ப்பவருக்குத் தலை சுற்றியது. "நடக்காததை எப்படிம்மா அச்சுல விடறது?"

"ஓவியருக்கு நடக்கலைதான். யாருக்குமே நடக்கலைன்னு சொல்ல முடியுமா?"

கணவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றும் புரியாமலே புரூஃப் பார்ப்பவர் ஒப்புதல் தாளை நீட்டினார். அவள் இடக்கையில் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். தாள் நழுவியது. அதை அழுத்திப் பிடிக்க, சால்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது.

அதில் மூன்று விரல்கள் நசுங்கிக் கோணியிருந்தன.