கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு நேர்காணல்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. உச்சி வெயிலில் கொதிக்கும் ஆட்டோவுக்குள் கார்குழலி கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக வேலைகளில் அலைந்தபடியே கணித இயற்பியல் ஆராய்ந்தவளுக்கு, நிரந்தர வேலைக்கு வந்திருக்கும் முதல் நேர்காணல் இது. "உங்கள் ஆய்வை ஒரே நிமிடத்தில் சொல்லுங்கள்" என்கிறார் திரையில் தெரியும் பேராசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு நிமிடத்திலா? பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறாள். அதற்குள் சரக்கு ரயில் தடதடத்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் குரலை உயர்த்திக் கத்துகிறாள். பைக்கில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ரயில் கடந்ததும், "மன்னிக்கவும், எதுவும் கேட்கவில்லை" என்கிறார் அவர். "ரோடு ஃபுல்லா கேட்டுச்சு, அந்தாளுக்கு மட்டும் கேக்கலியாமா?" என்று பொருமுகிறார் ஆட்டோ ஓட்டும் லியாகத் அலி. கேட் திறக்கிறது. பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடிக்கின்றன. "வண்டிய எடுக்காதீங்கண்ணா" என்கிறாள் கார்குழலி. அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அவள் முதலிலிருந்து தொடங்குகிறாள்.