சீல் உடையாத பெட்டி

"இதைத் திறந்து பாத்துச் சொல்லுங்கோ," என்று பேஸ்போல் கார்ட் பெட்டியை மேசையில் வைத்தாள் சிவகௌரி.

அவள் கணவர் தவநேசன் அதைத் தொடவில்லை. இருபது வருடமாகக் கார்ட் சேர்க்கிற மனிதர். புதுப் பெட்டியைக் கண்டால் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் உடைப்பவர்.

"இதை ஏன் வாங்கினனீர்?"

"திறக்காத பெட்டி எண்டு சொல்லி ஆரோ டண்டினொங்கில என்ர வேலைக் கடையில திருப்பிக் குடுத்துக் காசு வாங்கினமாம்; இதும் அப்பிடி வந்ததுதான். உள்ள விலை கூடின நல்ல கார்ட் ஒண்டும் இல்லை, எடுத்துப்போட்டுத் திரும்ப ஒட்டினம் போல. நான் லீவில நிக்கிற நாளில மட்டும்தான் நடக்குது. அதால மானேஜருக்கு என்னிலதான் சந்தேகம். நாளைக்குப் பொலிஸ் வருது."

"ஃபக்டரியிலயே இப்பிடித்தான் வரும், கௌரி. விடும்."

"என்ர வேலை போகப்போகுது. நீங்கள் பாத்தால் பிழை தெரியுமெல்லோ."

அவர் கொப்பியை எடுத்தார். எதைத் தொடங்கினாலும் அவர் கை தானாகவே பிள்ளையார் சுழி போடும். அவருடைய சுழிக்கு வால் கொஞ்சம் நீளம். பிறகு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கார்ட்டுகளின் பெயரை எழுதினார்.

"ஒரு பிழையும் இல்லை," என்றார் நிமிராமல். "பெட்டியை எறிஞ்சு விடும்."

சிவகௌரி வெறும் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் எழுத்து.

"அமெரிக்கா ஃபக்டரிக்காரரும் 'உ' போட்டோ வேலை தொடங்கினம்?"

சிரிக்கப் போனவள் அந்த எழுத்தின் வாலைப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பார்த்தாள்.

"அதை இஞ்ச தாரும்," என்று கையை நீட்டினார் தவநேசன்.

அவள் பெட்டியைத் தன் வேலைப் பைக்குள் வைத்தாள்.

"கொப்பியையும் தாங்கோ."