கதவுக்கு இந்தப் பக்கம்

முப்பது வருடம் ஆபீஸ் கோப்பு எழுதிய கைக்கு நாவல் எம்மாத்திரம் என்று ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் கிளம்பிவிட்டார். கரு வீட்டிலேயே கிடைத்தது. மனைவி தினமும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுத்தாள்.

“இந்த மனுஷனோட இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டறது? பெட்டியைக் கட்டிட்டேன். விடிஞ்சதும் கிளம்பிடுவேன்.”

கதவில் காதை வைத்திருந்தவர் ஒரு வரி விடாமல் குறிப்பெடுத்தார்.

“யாருகிட்ட பேசினே?”

“என் தங்கச்சிகிட்ட. ஏன், போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?”

மறுநாள் அவள் கிளம்பவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியும் காலி. சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஆறு மாத ஒட்டுக்கேட்டலில் மனைவியின் துரோகம் முந்நூறு பக்கமானது. ‘அத்தனையும் சொந்த அனுபவம்’ என்று முன்னுரையில் அடித்துச் சொல்லிப் பதிப்பாளரிடம் கொடுத்தார்.

பதிப்பாளர் முகம் சுளித்தார். “சார், இதே நாவலை ஒரு அம்மா போன மாசமே அனுப்பிட்டாங்க. வசனம்கூட மாறல.”

“என் வீட்டுல நடந்ததுய்யா!”

“அவங்க விலாசமும் அதேதான். தினமும் தங்கச்சிகிட்ட போன்ல படிச்சுக் காட்டித்தான் திருத்தினாங்களாம். ஆனா அதுல உங்க நாவல்ல இல்லாத ஒரு ஆள் வர்றான்.”

“யாரு அவன்?”

“கதவுல காதை வச்சுக்கிட்டே நிக்கிற புருஷன்.”