பள்ளத்துக்குப் பக்கத்துச் சமையலறை

லாண்ட்ரியில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் குடை எலியின் பேச்சுதான். அங்கே வேலை செய்யும் மூவரும் அவரவர் வீட்டில் ஆடுவது ஒரே வீடியோ கேம். குடை பிடித்த எலி சுரங்கத்துக்குள் வழி தேடிப் போக வேண்டும். முள் பள்ளத்தில் விழுந்தால், கடைசியாக இளைப்பாறிய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் கிணத்தடியிலேர்ந்து ஓடி வரணும். உயிர் போகுது," என்றான் ஒட்டடைக்குச்சி. ஆள் அவ்வளவு ஒல்லி.

"எதுக்கு? பள்ளத்துக்குப் பக்கத்துலயே சமையலறை இருக்கே," என்றாள் காலர்க்காரி. காலர் தேய்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "நீல டைல்ஸ், ஒரு முக்காலி. எலி அதுல உக்காந்து தூங்கும். அச்சு அசல் எங்க வீடு மாதிரியே."

"யாருக்குக் காதுல பூ சுத்துற?" என்று பட்டன் தைக்கும் அக்கா சிரித்தாள். மற்ற இருவரின் ஆட்டத்தில் அங்கே வெறும் சுவர்தான்.

சாயங்காலம் வீட்டில் ஆடும்போது எலி மூன்று தரம் விழுந்தது. காலர்க்காரி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். மாமியார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இடுப்பு வலின்னீங்களே அத்தை, முக்காலியில உக்காரக் கூடாதா?"

"எலி இப்பதான் அதுலேர்ந்து எழுந்து போச்சு. நீ ஆடுற லட்சணத்துக்கு உடனே திரும்பி வந்துரும்," என்றார் மாமியார், நிமிராமலே. "பார்த்துக் குதிக்க வைம்மா. பாவம், கண்ணசர விட மாட்டேங்குற."

அவள் தேய்த்து மடித்த துண்டு ஒன்றை முக்காலியில் விரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த தரம் விழுந்ததும், திரையில் எலி துண்டின் மேல் சுருண்டு கிடந்தது. அன்றைக்கு அவள் அதை எழுப்பவில்லை.