மாடிப் போர்ஷன்

மேடையில் கோதண்டராமன் அழுதுகொண்டிருந்தார்.

எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்கக் கறுப்பருக்காக அழுதார். போர்த்தியிருந்த பொன்னாடையின் நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாண மண்டபம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோதண்டராமன் எழுதிய முதல் புத்தகம் வெளியாகிறது. உலகப் போர் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பி, கட்டடக் கலை படித்த ஒரு கறுப்பரின் வாழ்க்கை. பேங்க் வரைந்தார், ஆஸ்பத்திரி வரைந்தார், வெள்ளைக்காரத் தெரு ஒன்றில் வரிசையாக வீடுகள் வரைந்தார். அதே தெருவில் குடியிருக்க வீடு கேட்டபோது ஒருத்தரும் கொடுக்கவில்லை.

அவர்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்று மைக்கில் கேட்டுவிட்டு, கோதண்டராமன் குரல் உடைந்து உட்கார்ந்தார். மண்டபம் கைதட்டியது.

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த செந்தமிழன் தட்டவில்லை.

அவன் ஆர்க்கிடெக்ட். கோதண்டராமனின் புது வீட்டுக்கு பிளான் போட்டவன். கட்டடக்காரனைப் பற்றிய புத்தகத்துக்குக் கட்டடக்காரன் ஒருவன் வாழ்த்துரை சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று அவரே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த மனுஷன் இருந்த பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

வீடு கட்டி முடிகிறவரை கேட்காத கேள்விகளை, மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்ட அன்றைக்குக் கேட்டவர் அவர். எந்த ஊர்? அவலூர்பேட்டை. ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா? குலசாமி எது? ஜாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே ஜாதியைக் கறந்துவிடுவதில் கெட்டிக்காரர். செந்தமிழன் அவரைச் சிரமப்படுத்தவில்லை. காலனி என்று நேராகவே சொன்னான்.

அந்த நிமிஷமே கோதண்டராமனின் மச்சினன் மகன் ஒருவன் மாடிக்குக் குடிவருவதாக ஆகிவிட்டது. அவன் இன்னும் பிறக்கவில்லை போலிருக்கிறது. டு-லெட் போர்டு அப்படியே தொங்கியது.

செஞ்சியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதேபோல ஒரு மச்சினன் மகன் முந்திக்கொண்டான். செந்தமிழனின் மனைவி மங்கைக்கு இங்கேதான் நர்ஸ் வேலை. அவன் சைட்டுக்காக வெளியூர் போன நாட்களில் டூட்டி முடிந்து அவலூர்பேட்டைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டால், ஆறு மாசக் கர்ப்பத்தோடு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கிடப்பாள். அந்த மாடிச் சமையலறை ஜன்னலை ராஜகிரி மலைக்கோட்டை தெரிகிற மாதிரி அவன் வைத்தது, அவளை நினைத்துத்தான்.

மைக் அவன் கைக்கு வந்தது.

செந்தமிழன் புத்தகத்தைப் புகழ்ந்தான். தாராளமாகவே புகழ்ந்தான். புகழப் புகழ அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இளக்காரம்தான் கூடியது.

“சார் எழுதறதோட நிக்கிறவரு இல்லீங்க. அவங்க வீட்டு மாடிப் போர்ஷனை எங்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்காங்க. இன்னிக்குக் காலையிலதான் என் வீட்டுக்காரி பால் காய்ச்சினா.”

மண்டபம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. விழாத் தலைவர் எழுந்துபோய்க் கோதண்டராமனைக் கட்டிக்கொண்டார்.

கோதண்டராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடிகிறதற்கு முன்னாலேயே விழுப்புரம் போய் அச்சகத்தில் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வந்திருந்தார். வீட்டுப் பக்கம் போகவே இல்லை. கூட்டம் அவரையே பார்த்தது. வேறு வழியில்லாமல் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

போட்டோக்காரன் இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னான். ஆளுக்கொரு பக்கம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பல்லைக் காட்டியபடியே, சாவியை எவன்டா கொடுத்தது என்று கோதண்டராமன் காதோரம் கேட்டார். இதுவரை தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

உங்க வீட்டம்மாதான் கூப்பிட்டுக் கொடுத்தார்கள் என்றான் செந்தமிழன். வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றான்.

வருமான வரிக்குப் பயந்து வீட்டை மனைவி கமலாம்பாள் பேரில் பதிவு செய்தது கோதண்டராமன்தான். காசு கொடுத்து ஆள் வைப்பானேன் என்று, புத்தகத்துக்குப் பிழை திருத்தும் வேலையை அவள் தலையில் கட்டியதும் அவரேதான்.

“எழுத்து விடாம படிச்சிட்டாங்க சார்,” என்று கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னான் செந்தமிழன்.